கடல் மாருத்தின் மூக்கு

"எங்கப்பா கிட்ட மன்னிப்பு கேளுங்க, சார்."

வீட்டிலிருந்து கிளம்பும்போதே யேசுதாஸ் மகளுக்குச் சொல்லித்தான் கூட்டிவந்திருந்தார். "இன்னா வேணா கேளு. லீவு கேளு, போனஸ் கேளு. மன்னிப்புன்னு மட்டும் அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா கேட்றாத ரேச்சலு. அத்தக் கேட்டுட்டா அப்பால நமக்கு அங்க ஒண்ணும் கிடையாது." தண்டையார்பேட்டையில் பஸ் நின்றபோது இன்னொரு தரம் சொன்னார். முதலாளி டெரிக் சார் வீட்டு மாடிப்படியில் வாயால் சொல்லாமல் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். ரேச்சல் மேலே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குட்மார்னிங் கூடச் சொல்லாமல் முதல் பேச்சாக அதைத்தான் பேசினாள்.

டெரிக், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு, வாயில் போட்ட கேக்கை அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பேர். வண்ணாரப்பேட்டையில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் கமாலுதீன் பாய். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் இன்ஜின் ஓட்டி ரிட்டயர் ஆன அலெக்ஸாண்டர். நடு மேசையில் ஒரு டர்க்கி டவல், அதன் மேல் மூக்கு வெடித்த ஒரு போர் விமானம். ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம்.

டெரிக்குக்குத் தொழில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசியிலிருந்து கயிறு வரை சப்ளை செய்வது. பொழுதுபோக்கு, இந்த மாடி. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அலமாரி முழுக்கப் பொம்மை விமானம். பொம்மை என்று சொன்னால் மூன்று பேருக்கும் மூக்கு சிவந்துவிடும். ஸ்கேல் மாடல் என்று சொல்ல வேண்டும். அதிலும் அவர்களுக்கு உசிரு எதில் என்றால், நிஜத்தில் இல்லாத விமானங்களில். சரித்திரம் வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்ன பறந்திருக்கும் என்று யோசித்து, படம் வரைந்து, செய்து, பெயின்ட் அடித்து நிறுத்துவது. வெளியூர் மாடல்காரர்கள் அதை வாட்-இஃப் என்பார்கள். ராயபுரம் மாடியில் அதற்குப் பேர் 'இருந்திருந்தா'.

இருந்திருந்தாவுக்கு ஒரு சட்டம் உண்டு. மாடலைக் கொண்டுவந்தவன் எழுந்து நின்று அதன் கதையைச் சொல்ல வேண்டும், நடந்தது மாதிரியே. எந்த வருஷம், எந்த இன்ஜின், விமானப்படையில் எந்த ஸ்குவாட்ரன், எல்லாம். கேட்கிறவர்கள் 'இது நடக்கல' என்று சொல்லக்கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். கதை சொல்கிறவன் பதில் இல்லாமல் நின்றுவிட்டால், அவன் மாடலை அலமாரியில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார்கள். அடுத்த மாசம் வரை அது வாலைத்தான் காட்டிக்கொண்டு நிற்கும்.

டவலில் கிடந்தது கடல் மாருத். மாருத் நிஜம், பெங்களூரில் ஜெர்மன்காரர் ஒருவர் வடிவமைத்துக் கொடுத்து, அதற்கேற்ற பலமான இன்ஜின் கடைசிவரை கிடைக்காமல் போன விமானம். கடல் மாருத் நிஜமில்லை. அந்த இன்ஜின் கிடைத்திருந்தால், விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குகிற மாதிரி மாருத்தை மாற்றியிருந்தால், அதற்குக் காட்டுப்பள்ளியில் ஒரு ஓடுதளம் போட்டிருந்தால் என்று யோசித்தது ரேச்சல். இறக்கையை எங்கே மடித்தால் சக்கரம் உள்ளே போகிற பள்ளம் வெட்டுப்படாது என்று வாரக்கணக்கில் வரைந்து அழித்தவள் அவள். கப்பல் தளத்தில் குத்தி இறங்குவதற்கு முன்சக்கரக் காலைத் தடிமனாக்கியவள், தளத்துக் கம்பியில் மாட்டி நிற்க வாலுக்கு அடியில் கொக்கி வைத்தவள், ஸ்குவாட்ரன் சின்னமாக வஞ்சிர மீனைப் போட்டவள், அவள். மூக்குக்குத் தேக்குக் கட்டையில் அச்சு செதுக்கி, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் இழுத்துப் போர்த்தி எடுத்தது திருவொற்றியூரில் அவர்கள் வீட்டு அடுப்படியில். டெரிக் செய்தது இரண்டு வேலை. மூக்குக்குள் எடை வைத்து மூடினார். மாடலுக்கு முன்னால் வைக்கிற பேர் கார்டில், 'வடிவமைப்பு, கட்டுமானம்: டெரிக்' என்று எழுதினார்.

அதற்கு அவள் அப்போது வாயைத் திறக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவள். ஏரோநாட்டிகல் படித்துவிட்டு எண்ணூர் கன்டெய்னர் யார்டு வாசலில் லாரி நம்பர் டைப் அடிக்கிறாள். விமானத்தைப் பற்றிப் பேச அவளுக்கு ஊரில் இருந்த ஒரே இடம் இந்த மாடி. அப்பா இந்த ஆளின் கோடவுன் வாட்ச்மேன். சனிக்கிழமை அலமாரி துடைப்பவர், ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கு டீ போடுபவர். கார்டில் தன் பேரைக் கேட்டால் எது போகும் என்று அவளுக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை அலமாரி துடைக்கத் திறந்தபோது கடல் மாருத்தின் மூக்கு வெடித்திருந்தது. யேசுதாஸ் அதை அப்படியே தட்டில் வைத்துக் கீழேயிருக்கும் கோடவுனுக்கு எடுத்துப் போய்க் காட்டினார். டெரிக் கேட்டது ஒரே கேள்வி: "எப்ப கீழ போட்ட?" போடலை சார் என்று சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் ஒரு அறை. லோடு ஆட்கள் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். டெரிக்கைவிட யேசுதாஸ் பத்து வயசு மூத்தவர். இரண்டாவது கை ஓங்கியபோது, "போட்டுட்டேன் சார்," என்றார். வீட்டில் வந்து அவர் அறையைப் பற்றிச் சொல்லவில்லை. லோடு ஆளின் பெண்சாதி சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தது. யேசுதாஸ் சொன்னது வேறு ஒன்று. "மூக்குக்குள்ளேந்து மாவு மாதிரி கொட்டிச்சும்மா. வெள்ளையா. அது இன்னாத்துக்குக் கொட்டுது?"

ரேச்சலுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

டெரிக் கேக்கை விழுங்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "மன்னிப்பா? எதுக்கும்மா?"

"அறைஞ்சதுக்கு. விழாததை விழுந்துச்சுன்னு சொன்னதுக்கு."

"நான் எங்க சொன்னேன்? உங்கப்பா சொன்னாரு. இன்னா யேசு, போட்டியா இல்லியா?"

யேசுதாஸ் டீ பிளாஸ்கைக் கையில் பிடித்தபடி நின்றார். "போட்டேன் சார்."

"கேட்டியா?"

"அடிச்சா யாரா இருந்தாலும் ஒத்துப்பாங்க," என்றாள் ரேச்சல்.

"சர்த்தான் மாமே, பிராது பெருசா கீது," என்று அலெக்ஸாண்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "கோர்ட்டு வெச்சுடலாமா?"

அது டெரிக்குக்குப் பிடித்துவிட்டது. மேசை ஓரத்தை விரலால் தட்டினார். "கோர்ட்டு எதுக்கு? நம்ம சட்டம் இருக்கே. யேசு, பிளாஸ்க வை. இப்படி வந்து நில்லு. எப்படிப் போட்டன்னு கதையா சொல்லு. எத்தினி வருசமா ஓரமா நின்னு கேட்டுகினு கீற, உனக்குத் தெரியாததா? யாரும் 'நடக்கல'ன்னு சொல்லக்கூடாது. உன் பொண்ணுக்கும் சேத்துத்தான். கேள்வி மட்டும் கேக்கலாம்."

"பாவம், வயசானவரு. வுடு டெரிக்கு," என்றார் கமாலுதீன் பாய். சொல்லிவிட்டு, வசதியாகச் சாய்ந்தும் உட்கார்ந்துகொண்டார்.

யேசுதாஸ் மேசைப் பக்கம் வந்தார். கையை முன்னால் கட்டிக்கொண்டார். ரேச்சல் எதிர்பார்த்தது அவர் திக்குவார் என்று. அவர் திக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை டீ ஊற்றியபடி கேட்ட கதைகளின் பதம் அவருக்கு நாக்கில் படிந்திருந்தது.

"சனிக்கெழம காலில சார். மழ வுட்டு வெயில் வந்த நேரம். அலமாரிய தொறந்தேன். முன்வரிசைல மிக்கு பிளேனு ரெண்டு, அப்பால நாட்டுன்ற குட்டி பிளேனு ஒண்ணு, பின்னால நம்ம கடல் மாருத்து நின்னுகினு இருந்துச்சு. மிக்க எடுத்து வெச்சேன். நாட்ட எடுத்து வெச்சேன். மாருத்த எடுக்க சொல்லோ கையில எண்ணெ மாதிரி வேர்வ சார். வழுக்கிகினு போச்சு."

"நல்லா சொல்றான்யா," என்றார் அலெக்ஸாண்டர். நிஜமாகவே ரசித்துத்தான் சொன்னார். "எந்தக் கையி?"

"சோத்தாங்கை சார்."

"இறக்கைல புடிச்சிருந்தியா, வவுத்துல புடிச்சிருந்தியா?" இது கமாலுதீன் பாய்.

"வவுத்துல பாய். இறக்கைல புடிச்சா மடிப்பு வுட்டுடும்னு பாப்பா சொல்லிக்கீது."

மூவரும் சிரித்தார்கள். டெரிக் மேசையில் தட்டினார், சபாஷ் மாதிரி. யேசுதாஸுக்கு அந்தத் தட்டல் எங்கோ இதமாக இறங்கியது. முகம் கொஞ்சம் இளகியதை ரேச்சல் பார்த்தாள். அந்த இளகல்தான் அவளைக் கொளுத்தியது.

"நான் கேக்கலாமா?" என்றாள்.

"சட்டப்படி கேளு," என்றார் டெரிக்.

"எவ்ளோ உசரத்துலேந்து விழுந்துச்சு?"

யேசுதாஸ் மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று அந்தப் பார்வை சொன்னது. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"இடுப்பு ஒசரம்."

"எந்தப் பக்கம் தரையில பட்டுச்சு?"

"மூக்கு."

"மூக்கு நுனியில ஊசி மாதிரி ஒரு பித்தளைக் கம்பி இருக்கு. விரல் பட்டாலே வளையும். நான்தான் ஒட்டினேன். இடுப்பு உசரத்துலேந்து மூக்கு முட்டி விழுந்த விமானத்துல அது எப்படி நேரா நிக்குது?"

"நான் நிமுத்தி வுட்டேம்மா."

"எதால?"

"கையால."

"வளைஞ்ச பித்தளைய நிமித்தினா வளைஞ்ச எடத்துல தழும்பு இருக்கும். தழும்பு எங்க?"

யேசுதாஸ் குனிந்து பார்த்தார். கமாலுதீன் பாயும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கம்பி, கடையில் வாங்கினது மாதிரி நேராக நின்றது.

"கீழ விழுந்தா பிளாஸ்டிக் உள்ள நசுங்கும். இது உள்ளேந்து வெளிய வெடிச்சிருக்கு, சோளம் பொரிஞ்ச மாதிரி. எப்படிப்பா?"

"தெர்லம்மா."

"அந்த மாவு எங்கேந்து வந்துச்சு?"

"தரைல இருந்த சுண்ணாம்பு..."

"இது மொசைக் தரை. சுண்ணாம்பு ஏது?"

"வுட்டுடும்மா," என்றார் யேசுதாஸ். ரொம்பச் சன்னமாக. பெண் பிள்ளையிடம் அப்பா கேட்கிற குரல் இல்லை அது. கோடவுனில், இரண்டாவது கை ஓங்கியபோது வந்த குரல் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

அவள் விடவில்லை. "பதில் சொல்லுப்பா. எப்படி வெடிச்சுது?"

யேசுதாஸ் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"நின்னுட்டான்," என்றார் அலெக்ஸாண்டர். அவருக்கு இது விளையாட்டு. மனசில் வஞ்சனை இல்லாத மனிதர், நாக்கில் மட்டும் கூறு கிடையாது. "அவனுக்குன்னு மாடலு இல்லியே. யேசுவத்தான் சொவத்தப் பாக்கத் திருப்பணும்."

அவர்கள் சிரித்தார்கள். திரும்பு என்று யாரும் சொல்லவில்லை. டெரிக் வாயில் இன்னும் சிரிப்பு காயாமல் இருக்க, யேசுதாஸ் மெதுவாகக் காலை மாற்றி, அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவிலிருந்த வெறும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சட்டை முதுகு வேர்த்து ஒட்டியிருந்தது. கை இரண்டும் இன்னும் முன்னால் கட்டியபடியே இருந்தன. பின்னாலிருந்து பார்க்க, கையே இல்லாத ஆள் போலத் தெரிந்தார்.

சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாடையும் கோயில் ஒலிபெருக்கியும் உள்ளே வந்தன. ரேச்சல் தன் அப்பாவின் பிடரியைப் பார்த்தாள். அவரை அங்கே நிறுத்தியது டெரிக் மட்டுமில்லை. கேள்வி கேட்டது அவள். ஒவ்வொரு கேள்வியும் சரியான கேள்வி. அதனால் அவள் பங்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவள் டெரிக்கிடம் திரும்பினாள்.

"மூக்குல எடை எதை வெச்சீங்க, சார்?"

"ஈயம். வலையில கட்ற குண்டு. எல்லாரும் வெக்கிறதுதான். வெக்கலன்னா வாலுல குந்திக்கும்."

"ரெண்டு டியூப் பசைய கலந்து ஒட்டுங்கன்னு சொன்னேன். எதால ஒட்டினீங்க?"

டெரிக் டவலின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"தச்சு வேலைக்கு வெச்சிருக்கிற வெள்ளைப் பசைதானே? அதுலேந்து புளிச்ச ஆவி வரும். மூக்க மூடிட்டீங்க. ஆவி வெளிய போக வழியில்லை. அந்த ஆவியும் இந்த ஊரு ஈரமும் சேந்தா ஈயம் வெள்ளையா பூத்து ஊதும். ஊதி ஊதி ஒரு நாள் வெடிக்கும். அலமாரி உள்ளயே, யாரும் தொடாமயே. இந்த மாவு அதான். யாரும் எதையும் போடலை."

கமாலுதீன் பாயின் முகம் மாறியது. அவர் அலமாரியில் தன் மாடல் வரிசைப் பக்கம் கண்ணை ஓட்டினார். "என் மிக்குலயும் அந்தப் பசைதான் ஊத்தினேன்," என்றார். யாரிடமும் சொல்லாத மாதிரி.

"எல்லாத்துலயும் அதான் இருக்கும் பாய். மீன்புடி துறைமுகம் பக்கத்துலயே இருக்கு, குண்டு சல்லிசா கிடைக்குது. பசை வீட்டுல இருக்கு. ஒவ்வொண்ணா வெடிக்கும். ஒவ்வொண்ணுக்கும் எங்கப்பாவ அறைவீங்களா?"

டெரிக் எழுந்து, மூக்கின் பிளவில் விரல் நுனியை விட்டு, வெள்ளைத் தூளை எடுத்துப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். அவள் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள அவருக்கு அந்த ஒரு நிமிஷம் போதும். விரலை டவலில் துடைத்துவிட்டு, பழையபடி உட்கார்ந்தார். குரல் இப்போது வியாபாரக் குரல்.

"சரிம்மா. நீ படிச்சவ, சொல்ற, ஒத்துக்கறேன். இப்ப ஆக வேண்டியதப் பேசுவோம். அடுத்த மாசம் பெங்களூர் கண்காட்சிக்கு இது போகணும். பேர் குடுத்தாச்சு. அச்சு உன்கிட்டதான் இருக்கு. புது மூக்கு இழுத்துக் குடு. கார்டை மாத்திடறேன். வடிவமைப்புன்னு உன் பேரு. மேல. என் பேரு கீழ. அங்க கம்பெனி ஆளுங்க வருவாங்க, மாடல் கிட் செய்யிறவங்க, டிசைன் பண்றவங்க. நீயும் வா, நின்னு கதைய நீயே சொல்லு. எண்ணூர் கேட்டுல எத்தினி நாள் குந்திகினு கெடப்ப?"

பொய் சொல்வானேன், அவளுக்கு அது வேண்டும். அந்தக் கார்டில் தன் பேரை எழுதி எழுதிப் பார்த்திருக்கிறாள், பஸ் டிக்கெட்டுக்குப் பின்பக்கம். காட்டுப்பள்ளி ஓடுதளத்திலிருந்து அந்த விமானம் கிளம்புவதை அவளைத் தவிர யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியாது.

"மன்னிப்பு?" என்றாள்.

"அது வராது." கோபமில்லாமல்தான் சொன்னார். "என் கோடவுன் ஆளு கிட்ட நான் மன்னிப்பு கேட்டா, நாளைக்கு ஒருத்தனும் மூட்ட தூக்க மாட்டான். உங்கப்பாவே அத எதிர்பாக்கல. கேட்டுப் பாரு."

அவள் கேட்காமலே சுவர்ப் பக்கமிருந்து பதில் வந்தது.

"செஞ்சு குடுத்துடும்மா. சார் தான் பேரு போடறேன்றாரே. எனக்கு ஒண்ணும் இல்ல. அன்னிக்கே வலி போயிடுச்சு."

"திரும்புப்பா," என்றாள் ரேச்சல்.

அவர் திரும்பவில்லை. டெரிக் சொல்வதற்காக நின்றார்.

அவ்வளவுதான். அவளுக்குள் எதுவும் உடையவில்லை, கொதிக்கவில்லை. கணக்குப் பரீட்சையில் கடைசி வரி எழுதி முடித்த மாதிரி இருந்தது. அப்பா முதுகைக் காட்டி நின்றபோதே அந்த வரி எழுதியாகிவிட்டது. இவ்வளவு நேரம் சரிபார்த்தது மட்டும்தான்.

"நான் செய்ய மாட்டேன், சார். மூக்கு இல்லாமயே எடுத்துட்டுப் போங்க. இல்ல, நீங்களே செதுக்குங்க."

"யோசிச்சுப் பேசு. உங்கப்பாவுக்கு இந்த வயசுல எவனும் கேட்டுல ஸ்டூலு போட்டுக் குடுக்க மாட்டான்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

கமாலுதீன் பாய், "பாப்பா, கொஞ்சம் பொறும்மா, அப்பா மூஞ்சியப் பாத்தாவது," என்றார்.

"அவரு மூஞ்சி சொவத்துப் பக்கம் கீது பாய். நீங்க தான திருப்புனீங்க?"

டெரிக் அவளை விட்டுவிட்டு, சாதாரணமாக, எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சொல்வது மாதிரி சொன்னார்: "யேசு, மேசையத் தொடச்சு வுடு. மாவு கொட்டிக் கெடக்குது பாரு."

யேசுதாஸ் உடனே திரும்பினார். வேலை கிடைத்ததில் அவர் உடம்பே லேசானது போல் இருந்தது. துணியைத் தேடவில்லை. உள்ளங்கையாலேயே வெள்ளைத் தூளை மேசை ஓரத்துக்குக் கூட்டி, மறு கையில் வாங்கிக்கொண்டார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரேச்சல் வாசலில் செருப்பை மாட்டினாள். ஒரு வார் திருகிக்கொண்டது, குனிந்து சரிசெய்தாள்.

"அது ஈயத் தூள், வெஷம்," என்றாள் நிமிராமலே. "கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு அப்பால சோறு துன்னு."

"சரிம்மா," என்றார் யேசுதாஸ், தூளைக் கூட்டிக்கொண்டே. "நீ வூட்டுக்குப் போ. நான் சார் கிட்ட பேசிட்டு வரேன்."

அவர் என்ன பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். சின்னப் பொண்ணு சார், வாய்த்துடுக்கு, நான் சொல்லி வழிக்குக் கொண்டாரேன் என்பார். இன்று ராத்திரியே அச்சைக் கேட்பார். நாளைக்கு அம்மாவை விட்டுக் கேட்பார். கெஞ்சுவார். வேலை போன பிறகு கெஞ்சக்கூட மாட்டார், சும்மா உட்கார்ந்திருப்பார். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அச்சைக் கொடுக்கமாட்டாள்.

படி இறங்கினாள். கீழே கோடவுன் கேட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் ஸ்டூல் காலியாக வெயிலில் கிடந்தது. அதைத் தாண்டித் தெருவுக்கு வந்து, கல்மண்டபம் பக்கம் நடந்தாள்.